மூச்சு வாங்கும் யெல்லோ டாங்: தாமிர மருந்தை எங்கே ஊற்றுவது?

கேள்வி: என் கடல்நீர்த் தொட்டியில் யெல்லோ டாங் என்ற மஞ்சள் மீன் காலையில் வெளிறி, உடம்பில் பழுப்புத் திட்டோடு தெரிகிறது. அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிரில் குடியேறிய க்ளவுன் மீனுக்குக் கரும்புள்ளிகள். ஏஞ்சல் மீனின் துடுப்போரத்தில் வெள்ளைக் கட்டி. நேற்றிலிருந்து டாங் சாப்பிடாமல் நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் முன்னாலேயே நிற்கிறது. இணையத்தில் படித்துவிட்டுத் தாமிர மருந்து அரை மூடி ஊற்றினேன். எல்லா மீனும் செத்துவிடுமா, டாக்டர்?

பதில்: முதலில் அந்தப் புட்டியை மூடி உள்ளே வையுங்கள். அனிமோன் உள்ள தொட்டியில் தாமிரம் ஊற்றச் சொன்னவர் உங்கள் தொட்டியைப் பார்த்தவர் இல்லை. அனிமோன், பவளம், இறால், நத்தை எதுவும் அதைத் தாங்காது. நுண்ணுயிர்கள் வாழும் லைவ் ராக் கல்லும் மணலும் வேறு தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால், மீனுக்கு வேண்டிய அளவும் தண்ணீரில் நிற்காது. இன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றி, தாமிரத்தை உறிஞ்ச ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

யெல்லோ டாங் இரவில் வெளிறும். பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் பழுப்புத் திட்டும் வரும். விளக்கு போட்டுச் சற்று நேரத்தில் மறைந்தால் அதை மறந்துவிடுங்கள். க்ளவுனின் கரும்புள்ளி அனிமோனில் உரசுவதால் வருவது, தானே மங்கும். துடுப்போரக் கட்டி சொரசொரப்பாகக் கொத்துக் கொத்தாக இருந்தால் லிம்ஃபோசிஸ்டிஸ். வைரஸ்தான், மருந்து கிடையாது, பெரும்பாலும் தேவையும் இல்லை. கிள்ளாமல் விடுங்கள்.

எனக்குக் கவலை தருவது, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். தீனி எடுக்காமல் நீரோட்டத்தில் தலையைக் கொடுத்து நிற்கும் மீனுக்கு மூச்சு போதவில்லை. வெல்வெட் நோயைத் தரும் அமைலூடினியம் ஒட்டுண்ணி பெரும்பாலும் முதலில் செவுளில்தான் ஒட்டும். தோலில் தெரிவதற்குள் சில மீன்கள் செத்தே போகும். இது வாரக்கணக்கில் இழுக்கும் நோய் அல்ல, சில நாட்களில் தொட்டியையே காலி செய்துவிடும்.

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தனித்தனியாக எண்ண முடிகிற வெள்ளைப் புள்ளிகள் என்றால் இக் நோய். மாவு தூவியதுபோல எண்ண முடியாத, பொன்னும் பழுப்பும் கலந்த மினுமினுப்பு என்றால் வெல்வெட். ஆனால் மஞ்சள் உடம்பில் அது எளிதில் கண்ணுக்குப் படாது. எனவே செவுள் மூடி அடிப்பதை 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கி, வழக்கத்தோடு ஒப்பிடுங்கள். மூச்சு வாங்குகிறது, தீனியும் எடுக்கவில்லை என்றால் புள்ளி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லா மீன்களையும், நன்றாக இருப்பதாகத் தோன்றுபவற்றையும், தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் கல், மணல், கார்பன் கூடாது. ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். தாமிர மருந்தை இங்கேதான் ஊற்ற வேண்டும். அயனித் தாமிரம் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், வேறு சேர்மத்தோடு பிணைத்த செலேட் வகைக்கு அளவு வேறு, லேபிளைப் பாருங்கள். டெஸ்ட் கிட்டும் அந்த வகைக்கு உரியதாக இருக்கட்டும். மூடிக் கணக்கெல்லாம் அளவே அல்ல. தினம் இருமுறை சோதியுங்கள். தாமிரம் ஒட்டுண்ணியை அது நீந்தித் திரியும் பருவத்தில் மட்டுமே கொல்லும், மீனில் ஒட்டியிருப்பதையோ கூட்டுக்குள் இருப்பதையோ அல்ல. இரண்டு நாளில் டாங் தேறியதும் நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப எழுதுகிறார்கள். இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். அமோனியாவைக் கட்டும் திரவங்கள் தாமிரத்தை மேலும் நச்சாக்கக்கூடும்.

முடிந்தால் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் செவுள் மாதிரியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். க்ளவுனும் மூச்சு வாங்கி, மேலே வெள்ளைக் கோழை தடித்து உரிந்தால் அது புரூக்ளினெல்லா என்ற வேறு ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குத் தாமிரம் வேலை செய்யாது. ஃபார்மலின் மருந்து கலந்த நீரில் குளியல் வேண்டும், அதை அவரே அளந்து தரட்டும்.

எல்லாம் சாக வேண்டியதில்லை, நாளைக்குள் மாற்றிவிட்டால். பெரிய தொட்டியில் அனிமோன் இருக்கட்டும், மீன் மட்டும் 6 வாரம் வேண்டாம். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையைப் போடாதீர்கள்.