சாரத்து மேலிருந்து: பேனர் ஓவியரின் பதில்கள்

போன இதழில் ஜேம்ஸ்பாண்ட் போஸ்டர் பற்றி ரெண்டு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். 'அதென்ன பாதியில் விட்டுட்டீங்க?' என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்கத் துப்பாக்கி, வெடி, ஹெலிகாப்டர்தான். சாமி படக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எஸ்.ஆர்., ராஜபாளையம்: பழைய பாண்ட் போஸ்டர்களில் ஷான் கானரி கையிலுள்ள துப்பாக்கி, படத்தில் வருவதைவிட நீளமாக இருக்கிறதே, ஓவியர் கைவரிசையா?

ஓவியர் மேல் பழி போடாதீர்கள் சார். அவருக்குக் கொடுத்த போட்டோவில் என்ன இருந்ததோ அதைத்தான் வரைந்தார்.

1963-ல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் விளம்பரத்துக்காக டேவிட் ஹர்ன் என்ற போட்டோகிராபர் கானரியை வைத்துப் படம் எடுத்தார். ஹீரோ வந்தாச்சு, கோட்டு சூட்டெல்லாம் சரி. துப்பாக்கியைக் காணோம்! கொண்டுவர வேண்டியவர்கள் மறந்துவிட்டார்கள். பாண்ட் வைத்திருப்பது வால்தர் பிபிகே, ஆறங்குலத்துக்குச் சொச்சம் நீளம், கோட்டுக்குள்ளே ஒளிந்துகொள்ளும். ஹர்னிடம் சொந்தமாக ஒரு ஏர் பிஸ்டல் இருந்தது. அதுவும் வால்தர் கம்பெனிதான், எல்பி-53. ஆனால் ஆளைச் சுடுகிற ஜாதி இல்லை, பொருட்காட்சியில் பலூன் சுடுகிறோமே, அந்த ஜாதி. குழல் நீட்டமாக இருக்கும். 'இதை வைத்தே எடுத்துவிடலாம், குழலை அப்புறம் பிரஷ் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்' என்று முடிவானது. அந்த 'அப்புறம்' வரவேயில்லை. ரெனாட்டோ ஃப்ராட்டினி அந்தப் போட்டோவைப் பார்த்து போஸ்டர் வரைந்தார், நீளக் குழல் அப்படியே ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அந்த ஏர் பிஸ்டல் 2010-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்குப் போனது.

என்னைக் கேட்டால் அந்த மறதிதான் போஸ்டரைக் காப்பாற்றியது. கை மார்புக்குக் குறுக்கே வந்து, துப்பாக்கி கன்னத்தை ஒட்டி நட்டமாக நிற்கிறது. குழலின் கோடு நம் கண்ணை நேராக அவர் கண்ணுக்கு ஏற்றிவிடுகிறது. படம் கிடைத்தால் குழலில் பாதியை உங்கள் விரலால் மறைத்துப் பாருங்கள். கையில் ஏதோ கரிக்கட்டையைப் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

வி.எம்., தேனி: ஐயா, நீங்கள் நிஜத் துப்பாக்கி பார்த்துத்தான் வரைவீர்களா?

எங்கே பார்ப்பது? என் வாத்தியார் பட்டறையில் ஒரு தீபாவளிக் கேப் துப்பாக்கி ஆணியில் தொங்கும். எழுபதுகளில் மதுரையில் நாங்கள் வரைந்த அத்தனை போலீஸும் திருடனும் அந்த ஒரே துப்பாக்கியைத்தான் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள்.

ஒரு கூத்தைச் சொல்கிறேன். இங்கிலீஷ் துப்பறியும் படம் ஒன்று ஒரு தியேட்டருக்கு வந்தது. பேனர் இருபது அடி. ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, துணியில் சாக்பொடி நூலைத் தட்டி அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் வரைந்து ஏற்றுவோம். வச்சிரம் பூசிய துணி, லின்சீட் ஆயில் வாசம், ராத்திரி பூராவும் வேலை. முகம் வாத்தியார், கோட்டும் கையும் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கோட்டுப் பட்டன் பளபளப்பை மட்டும் ஒரு மணி நேரம் ரசித்து ரசித்து வைத்தேன். காலையில் ஏற்றிக் கட்டியாயிற்று. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த டெய்லர் ஒருத்தர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா தம்பி, இந்த தொர பொம்பளையாளு கோட்டையா போட்டிருக்காரு?"

பட்டன் வலது பக்கத்துக்குப் பதில் இடது பக்கம் இருந்தது. துப்பாக்கியும் இடது கையில். ஸ்டில் பிரிண்ட் போடும்போது நெகட்டிவை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். தியேட்டர்காரர் கூலியில் இருபது ரூபாய் பிடித்தார். வாத்தியார் என்னைத் திட்டவில்லை. "பட்டனை அவ்வளவு சுத்தமா வைக்காம இருந்திருந்தா அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றார். பாராட்டா, கேலியா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஜே.பி., நாகர்கோவில்: 007 எண்ணில் துப்பாக்கியைச் சேர்த்தது யார்? கோடி கோடியாகச் சம்பாதித்திருப்பாரே?

ஜோ காரஃப் என்ற நியூயார்க்காரர். யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனி முதல் பாண்ட் படத்துக்காகக் கடிதத்தாள் தலைப்பு ஒன்று கேட்டது. 007 என்று எழுதிப் பார்த்தவருக்கு, 7-ன் சாய்ந்த கால் துப்பாக்கிக் கைப்பிடி மாதிரித் தெரிந்தது. விசையும் குழலும் சேர்த்தார், முடிந்தது. கூலி 300 டாலர். ராயல்டி கிடையாது, படத்தில் பெயரும் கிடையாது. அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த முத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. நூறாவது பிறந்தநாளுக்கு பாண்ட் தயாரிப்பாளர்கள் ஒமேகா வாட்ச் ஒன்றைப் பரிசாக அனுப்பினார்கள். 2025 ஆகஸ்டில், 104-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலமானார்.

'வெஸ்ட் சைடு ஸ்டோரி' போஸ்டரில் எழுத்தையே மாடிக் கட்டடம் மாதிரி ஆக்கி, இரும்புப் படிக்கட்டில் ஆட்களை ஆடவிட்டவரும் இவரே. எழுத்துக்குள் உருவம் பார்க்கிற கண் ஒருசிலருக்குத்தான் அமையும். எனக்கு 7-ஐப் பார்த்தால் இப்போதும் 7-ஆகத்தான் தெரிகிறது.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: ஒரு போஸ்டரை இரண்டு பேர் சேர்ந்து வரைவது உண்டா? ஸ்டைல் மாறிவிடாதா?

நாங்கள் பேனரில் அதைத்தானம்மா செய்தோம். முகம் ஒருத்தர், உடுப்பு ஒருத்தர், எழுத்து ஒருத்தர். எழுத்துக்காரர் வந்து தொட்டால் முகக்காரருக்குக் கோபம் வரும், அது தனிக் கதை.

அமெரிக்காவில் பேர்போன ஜோடி ராபர்ட் மெக்கின்னிஸும் ஃபிராங்க் மெக்கார்த்தியும். 1965 'தண்டர்பால்', 1967 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' போஸ்டர்களை எடுத்து வைத்துப் பாருங்கள். பாண்ட் அலட்டிக்கொள்ளாமல் நிற்பது, சுற்றிலும் பெண்கள், நெட்டைக் கால், ஒயில், இதெல்லாம் மெக்கின்னிஸ். வெடி, புகை, பறக்கிற ஆட்கள், இயந்திரம், இதெல்லாம் மெக்கார்த்தி. எரிமலைக்குள் சண்டை நடக்கிற போஸ்டரில் பாண்ட் தலைகீழாகக் கூரையில் நடந்து வருகிறார் பாருங்கள், ஈர்ப்பு விசையெல்லாம் அவரை ஒன்றும் செய்யாது என்கிற மாதிரி. தலை கீழே இருந்தாலும் டை தொங்கவில்லை, முடி கலையவில்லை. அதுதான் ஜேம்ஸ்பாண்ட்.

மெக்கின்னிஸ் ஆயிரத்துக்கு மேல் பேப்பர்பேக் நாவல் அட்டை வரைந்தவர். முட்டைக் கருவில் வண்ணம் குழைக்கிற பழைய டெம்பரா முறை அவருக்குப் பிடிக்கும். அது சீக்கிரம் காய்ந்துவிடும், எண்ணெய்ச் சாயம் மாதிரி இழுத்து இழுத்துக் குழைக்க முடியாது. மெல்லிய கோடாகப் போட்டுப் போட்டுத்தான் தோலின் மினுமினுப்பைக் கொண்டுவர வேண்டும். நானும் ஒருதரம் வீட்டில் முயன்றேன். என் சம்சாரம் முட்டை விலையைச் சொல்லி நிறுத்திவிட்டார். மெக்கின்னிஸ் 2025 மார்ச்சில் 99 வயதில் மறைந்தார். மெக்கார்த்தி பிற்காலத்தில் சினிமாவை விட்டுவிட்டு, குதிரையும் செவ்விந்தியரும் பாறையுமாக வரையப் போய்விட்டார்.

கே.என்., திருவாரூர்: போஸ்டரில் ஆபாசம் என்று கிளம்பும் சண்டை நம் ஊரில் மட்டும்தானா?

நல்லா கேட்டீங்க. 1981 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' போஸ்டரில் முன்னால் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள், பின்பக்கமாக, இடுப்பு வரைக்கும். கையில் வில்போன்ற குறுக்குவில். கால்களுக்கு நடுவே தூரத்தில் சின்னதாக அப்போது பாண்டாக நடித்த ரோஜர் மூர். மார்கன் கேன் எடுத்த போட்டோ. பிகினியைப் பின்முன்னாக மாட்டச் சொல்லிவிட்டார்கள், துணி குறையும் என்பதற்காக! அமெரிக்கப் பத்திரிகைகள் சில அதை அப்படியே போட மறுத்துவிட்டன. ஒருத்தர் முட்டிக்கு மேலே வெட்டினார், இன்னொருத்தர் டிராயரே வரைந்து மாட்டிவிட்டார். நம் ஊரில் தார் டப்பாவோடு ராத்திரி கிளம்புவார்கள், அங்கே ஆபீஸிலேயே பிரஷ் வைத்திருந்தார்கள்.

தொழில்காரனாகச் சொன்னால் அது கெட்டிக்கார அமைப்பு. இரண்டு கால்களும் வாசல் நிலை மாதிரி நிற்பதால் கண் தானாக நடுவில் உள்ள ஆளிடம் போய்விடுகிறது. மற்றபடி அந்தப் பெண்ணுக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பி.ஜி., சேலம்: எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ஜெய்சங்கர் படங்களின் போஸ்டர், பாண்ட் போஸ்டரின் காப்பிதானே?

ஊர்க்காரரே இப்படிச் சொல்லலாமா? 1966 'வல்லவன் ஒருவன்', 1970 'சி.ஐ.டி. சங்கர்' எல்லாம் பாண்ட் காற்றில் வந்தவை என்பதை யாரும் மறைக்கவில்லை. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றே கூப்பிட்டோம். ஆனால் போஸ்டரின் கணக்கு வேறு. லண்டன்காரன் ஒரு ஆளை நிறுத்தி, பின்னால் காலியிடம் விட்டான். நம் ஆள் தூரத்தில் சைக்கிளில் போகிறவனுக்கும் பாட்டு உண்டு, நாகேஷ் உண்டு, அம்மா அழுவது உண்டு என்று காட்டியாக வேண்டும். காலியிடம் விட்டால் விநியோகஸ்தர் 'இங்கே ஒரு தலை போடுங்க' என்பார். அதனால்தான் நம்மூர் உளவாளி போஸ்டர் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி இருக்கும். காப்பி அடிக்க நினைத்தாலும் முடிந்திருக்காது.

ஆர்.டி., வேலூர்: இப்போதைய ஆக்‌ஷன் போஸ்டர் எல்லாமே ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு. ஏன்?

மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதில் ஆரஞ்சு ஓடும். ஆரஞ்சுக்கு எதிர்நிறம் நீலம். பின்னால் நீலத்தைக் கொட்டினால் முகம் துள்ளி முன்னே வரும், நெருப்பும் வரும். இவ்வளவுதான் சூத்திரம். நாங்களும் முகத்தின் நிழலுக்கு நீலமும் பச்சையும் வைத்தோம். நூறடி தள்ளி நின்றால் அது நிழலாகத் தெரியும், கிட்டே வந்தால் பேயாகத் தெரியும். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் வருவதால் எல்லோரும் எடுத்துப் பூசுகிறார்கள், போரடிக்கிறது.

எல்.எஸ்., தஞ்சாவூர்: ஹீரோ முகமே இல்லாமல் ஆக்‌ஷன் பட விளம்பரம் வந்ததுண்டா?

'டை ஹார்ட்', 1988. புரூஸ் வில்லிஸ் அப்போது டிவி காமெடித் தொடர் ஆள். இவர் துப்பாக்கி தூக்கினால் ஜனங்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்து, ஆரம்ப விளம்பரங்களில் கட்டடத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள். படம் ஓடத் தொடங்கியதும் முகம் வளர்ந்துவிட்டது. முகச் சந்தை அப்படித்தான்.

எம்.எஃப்., காயல்பட்டினம்: உங்களுக்கு ஆகப் பிடித்த ஒரே ஒரு உளவாளி போஸ்டர்?

'கோல்டுஃபிங்கர்', 1964, பிரிட்டிஷ் போஸ்டர். ராபர்ட் பிரவுன்ஜான் செய்தது. தங்க வண்ணம் பூசிய ஒரு பெண், அவர் உடம்பின் மேல் படத்தின் காட்சி. வெட்டி ஒட்டியதல்ல. புரொஜெக்டர் வைத்து உடம்பின் மேலேயே காட்சியை விழவிட்டுப் படம் பிடித்தார், டைட்டிலுக்கும் அதே முறைதான். தோள் வளைகிற இடத்தில் காட்சியும் வளையும். படத்தில் தங்கம் பூசிச் சாகிற ஷெர்லி ஈட்டன்தான் அவர் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, மார்கரெட் நோலன். ஒரு சொட்டு வண்ணத்தைப் பிரஷ்ஷில் தொட்டு வரையாத போஸ்டரை ஓவியன் ஒருத்தன் முதலிடத்தில் வைப்பது சரியில்லைதான். என்ன செய்ய, மனசு அங்கேதான் போகிறது.

டி.வி., புதுச்சேரி: பழைய பாண்ட் போஸ்டர் வாங்க ஆசை. அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அளவைப் பாருங்கள். அமெரிக்க 'ஒன் ஷீட்' அந்தக் காலத்தில் 27-க்கு 41 அங்குலம், நெட்டுக்குத்து. பிரிட்டிஷ் 'குவாட்' 30-க்கு 40, படுக்கைவாட்டு. நம்மூர் போஸ்டரும் 30-க்கு 40தான், ஆனால் நிற்கும். எண்பதுகளின் தொடக்கம் வரை அமெரிக்க போஸ்டர்களை மடித்தேதான் அனுப்பினார்கள். ஆகவே மடிப்பே இல்லாத அறுபதுகளின் போஸ்டர் என்றால் இரண்டு தரம் யோசியுங்கள். மடிப்பு தெரிந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மடிப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், மடித்த போஸ்டரைப் போட்டோ எடுத்து மறுபடி அச்சடித்திருக்கிறார்கள், மடிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது.

வாங்கிவிட்டால் லேமினேஷன் மட்டும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. வெயில் விழுகிற சுவரும் வேண்டாம். முதலில் சிவப்பும் மஞ்சளும் போகும், நீலமும் கறுப்பும்தான் கடைசிவரை நிற்கும். பஸ் ஸ்டாண்ட் சலூன்களில் மாட்டிய பழைய ஹீரோக்கள் எல்லாம் கிருஷ்ணர் நிறத்தில் இருப்பது அதனால்தான்.