"சிங்கப்பூரின் சுங்கை புலோ சதுப்புநிலத்தில் பறவையே இல்லை, வெறும் சேறுதான் இருக்கிறது. அந்த இடத்தை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"காலை எட்டு மணிக்கே போய் ஒரு மணி நேரம் நின்றேன், ஒரு கொக்குதான் தெரிந்தது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடல்நீர் வடிந்த நேரத்தில் போயிருப்பீர்கள். விடியற்காலையில் போ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். காட்டுப் பறவைக்கு அது சரி. உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளுக்குக் கடல் ஏறுவதும் இறங்குவதும்தான் கணக்கு.

நீர் வடிந்தால் பக்கத்திலிருக்கும் மண்டாய்க் கரையில் சேற்றுத்திட்டு வெளியே வரும். புழுவும் சிறு நண்டும் அங்கே கிடைக்கும்போது அவை உங்களைப் பார்க்க ஏன் வரப்போகின்றன? திட்டு மூழ்கியதும் கால் வைக்க இடமில்லாமல் சுங்கை புலோ குளங்களுக்கு வந்து நிற்கும். பழைய இறால் பண்ணைக் குளங்கள் அவை. மதகு வைத்து நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்திருப்பதால், வெளியே கடல் நிரம்பினாலும் உள்ளே நிற்க இடம் இருக்கும். 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். சும்மா புகழவில்லை.

நான் நிபுணி இல்லை, இரண்டு பெயர் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் "வெறும் சேறு" என்று என் நாத்தனாரும் சொன்னதால் எனக்குச் சுருக்கென்று பட்டது.

நவம்பர் ஞாயிறு ஒன்றில் ஈசூனிலிருந்து அவரைக் கூட்டிப்போனேன். கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து. கிளி, மயில் என்று எதையோ எதிர்பார்த்து வந்திருக்கிறார். "எல்லாமே ஊர்க்குருவி கலர்ல இருக்கு, இதுக்கா அண்ணி நாசி லெமாக் கட்டிட்டு வந்தோம்?" பறவை பார்க்கக் கட்டிய மறைவிடத்தில் பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்த ஆட்கள் ஜன்னலை எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தம்பி, "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றார். (எல்லாக் கேமராக்காரர்களையும் சொல்லவில்லை. நல்லவர்களும் உண்டு, எனக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பழக்கியவரே அப்படி ஒருவர்தான்.)

கொஞ்ச நேரத்தில் நீர் ஏறியது. மண்டாய்ப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. பவளக்காலி நிறைய, வளைந்த அலகோடு விம்ப்ரல், ஓரமாகப் பொன் உப்புக்கொத்தி. இங்கே குளிர்காலம் கழிக்கும் பவளக்காலிகளில் சில, திரும்பும்போது இமயமலையைத் தாண்டித் திபெத் பீடபூமிக்குப் போகின்றன. சிறு கருவி கட்டிக் கண்டுபிடித்து 2020இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. நூறு கிராம் சொச்சம் எடை உள்ள பறவை! இதை நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலை ஒன்று தலையைத் தூக்கியது. அவ்வளவுதான், எல்லா லென்சும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நாத்தனாரும் போய்விட்டார். இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப்பில் "அண்ணி முதலை காட்டுனாங்க" என்றுதான் பேச்சு.

போவதாக இருந்தால் கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. அடுத்த வருஷம் எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல் ஏறும் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் வரும் திங்கட்கிழமை ஷிப்ட் என்ன என்பது வெள்ளி சாயங்காலம்தான் தெரியும். அதுவும் சனிக்கிழமை மாறும். கேட்டால் "ஆள் பத்தல". வருஷக்கணக்கில் பத்தவில்லை.

சரி, அது உங்கள் கேள்வி இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். மார்ச் கடைசியில் போனால் பொன் உப்புக்கொத்திகளில் சிலவற்றுக்கு வயிறு கறுக்க ஆரம்பித்திருக்கும், ஊருக்குக் கிளம்பும் கோலம் அது. ஜூனில் போய்விட்டு வந்து இங்கே என்னைத் திட்டாதீர்கள்.