முதல் திருமணம் சபையில் நடந்திருந்தால்?

சகோதரி, உங்களுக்கு நிச்சயமானவர் புராட்டஸ்டன்ட், கோர்ட்டில் விவாகரத்தும் வாங்கிவிட்டார், அப்புறம் ஏன் பங்குத்தந்தை தடுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், கத்தோலிக்கத் திருச்சபை அவருடைய முதல் திருமணத்தையும் மதிக்கிறது. குருவானவர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற விதி கத்தோலிக்கருக்கு மட்டுமே. ஞானஸ்நானம் பெற்ற இரண்டு புராட்டஸ்டன்ட்டுகள் தங்கள் சபையில் செய்த திருமணம் செல்லும் என்றே திருச்சபைச் சட்டம் 1060 கொள்கிறது. கோர்ட் தீர்ப்பு அதை அவிழ்க்காது.

முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: முதல் மனைவி கத்தோலிக்கரா, ஞானஸ்நானம் பெறாதவரா? கத்தோலிக்கராக இருந்து, ஆயரின் அனுமதியில்லாமல் வேறு சபையில் மணந்திருந்தால், அந்தத் திருமணம் செல்லாது என்பது ஆவணங்களை வைத்தே பெரும்பாலும் முடிவாகிவிடும். ஞானஸ்நானம் பெறாதவர் என்றால் வழியே வேறு.

இரண்டும் இல்லையென்றால், முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில், அதாவது ஆயரின் கீழ் உள்ள திருச்சபை நீதிமன்றத்தில், மனு போட வேண்டும். பிரிந்த காரணத்தைவிட, மணநாளில் கொடுத்த சம்மதம் எப்படிப்பட்டது என்றுதான் அங்கே பார்ப்பார்கள்: வற்புறுத்தலா, ஏமாற்றா, பிள்ளையே வேண்டாம் என்ற முடிவா என்று. முன்னாள் மனைவிக்கும் தகவல் போகும். ஆனால் அவர் சம்மதிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் இருந்தால், முறைப்படி பிறந்தவர்கள் என்ற அவர்களுடைய நிலைக்கு எந்தக் குறையும் வராது, பயப்படாதீர்கள். தீர்ப்பை இரண்டாவது தீர்ப்பாயம் ஒன்றும் உறுதி செய்ய வேண்டும் என்ற பழைய கட்டாயமும் 2015-க்குப் பிறகு இல்லை.

தீர்ப்பு வரும்வரை தயவுசெய்து தேதி குறிக்காதீர்கள், மண்டபத்துக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள்.