பழைய பின்பால் பலகையைச் சீரமைக்க: கேள்வியும் பதிலும்

கேள்வி (தோ பாயோ): அண்ணே, 1970களில் வந்த காட்லீப் நிறுவனத்தின் பின்பால் (pinball) விளையாட்டு இயந்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. பந்து ஓடும் பலகை கறுத்துக் கிடக்கிறது. எதைப் போட்டுத் துடைப்பது?

பதில்: தண்ணீர் மட்டும் வேண்டாம் தம்பி. அடியில் இருப்பது பிளைவுட். மேலே உள்ள லாக்கர் பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், ஈரம் உள்ளே இறங்கிச் சாயத்தைத் தூக்கிவிடும். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டுத் தூண், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தூசி தட்டிய பிறகு, நாஃப்தா என்ற கரைப்பானில் நனைத்த துணியால் துடையுங்கள். பழைய மெழுகும் பிசுக்கும் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். பந்து ஓடிய கருந்தடம் போகாவிட்டால்தான் மெலமைன் பஞ்சும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும். அந்தப் பஞ்சு சாயத்தையும் சுரண்டும். அதனால் உள்ளங்கை அகலத்துக்கு லேசாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் பஞ்சைப் பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் அழுக்கு. சிவப்போ மஞ்சளோ ஏறினால் சாயம் வருகிறது, உடனே நிறுத்துங்கள். கொஞ்சம் அழுக்கு மிஞ்சட்டும், அசல் சாயம் போகக்கூடாது. கடைசியாகக் கார்னோபா மெழுகு.

கேள்வி (உட்லண்ட்ஸ்): சில இடத்தில் மரமே தெரிகிறது. வீவக அடுக்குமாடி வீட்டில் நானே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கலாமா?

பதில்: சாயத்தை வீட்டிலேயே தொட்டு நிரப்பலாம் அக்கா. அக்ரிலிக் போதும். பழைய லாக்கர் மஞ்சளித்திருக்கும் என்பதால் வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். கறுப்பு ஓரக்கோடு கடைசியில். ஆனால் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் யூரித்தேன் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். வீட்டிலும் வேண்டாம், தாழ்வாரத்திலும் வேண்டாம். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கார்ப் பெயிண்ட் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பிடோக்): விளக்குக்கு மேல் உள்ள வண்ண பிளாஸ்டிக் வில்லைகள் பள்ளமாக இறங்கிவிட்டன.

பதில்: கிளியர் கோட்டுக்கு முன்பே சரிசெய்ய வேண்டிய வேலை இது. ஹேர் டிரையரால் சூடுகாட்டினால் பழைய பசை இளகும். அடியிலிருந்து மெதுவாகத் தள்ளி எடுத்து, பசையைச் சுரண்டிவிட்டு, எபாக்ஸி பசை வைத்து, மேலே தட்டையான கட்டையால் இறுக்கிப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பல்பு 44ஆம் எண் என்றால் 47ஆம் எண்ணுக்கு மாற்றுங்கள். 0.25 ஆம்பியர் 0.15 ஆகும், சூடும் குறையும்.

கேள்வி (யீஷூன்): பந்தை அடிக்கும் ஃபிளிப்பர் இழுவையாக இருக்கிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து இன்னும் இறுகும். ஃபிளிப்பரை இயக்கும் காயிலுக்குள் (கம்பிச்சுருளுக்குள்) இருக்கும் ஸ்லீவை, அதாவது உள்குழாயை, மாற்றுங்கள்.

கேள்வி: அமெரிக்க இயந்திரத்தை இங்கே அப்படியே சொருகலாமா?

பதில்: சொருகினால் எரிந்துவிடும். அது 120 வோல்ட், நம்முடையது 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 60 ஹெர்ட்ஸ் 50 ஆவதால் மோட்டார் சற்று மெதுவாகச் சுற்றும், அது கோளாறு இல்லை. பல பழைய இயந்திரங்களில் எர்த் ஒயர் கிடையாது. எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய பந்தையே போடலாமா?

பதில்: வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் துருப்பிடித்துச் சொரசொரத்த பந்து புதுப்பூச்சை அராவிவிடும். 27 மி.மீ., 80 கிராம் எடையில் புதிது வாங்குங்கள். விலையும் அதிகமில்லை.