பைட் வரிசைச் சிக்கல்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். என் சர்வரை 8080 போர்ட்டில் திறந்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் 36895-இல் போய் உட்கார்ந்திருக்கிறது.

பதில்: அந்த எண்ணிலேயே காரணம் இருக்கிறது. 8080 என்பது 31 × 256 + 144. அதாவது 31, 144 என்று இரண்டு பைட். நெட்வொர்க்கில் பெரிய இடமதிப்புள்ள பைட், அதாவது 256-ஆல் பெருக்கப்படும் 31, முன்னால் போகவேண்டும்; இந்த வரிசைக்குப் பெயர் பிக் எண்டியன். சாதாரண பிசி, லேப்டாப்பில் உள்ள எக்ஸ்86 பிராசஸர் சிறிய இடமதிப்புள்ளதை முன்னால் வைக்கும்; இது லிட்டில் எண்டியன். நீங்கள் மாற்றாமல் கொடுத்ததால் 144, 31 என்று படிக்கப்பட்டுவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 36895 வரும்.

கேள்வி: அப்போ கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கோடில் "இது பிக் எண்டியன் மெஷினா?" என்று ஒவ்வொரு இடத்திலும் சோதிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அப்படி எழுதிய கோடு எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். மெஷினின் வரிசையை விடுங்கள், தரவு எந்த வரிசையில் எழுதப்பட்டது என்று கேளுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில், அதன் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கில் அடையாள எண் 61267. டிஸ்கில் அது 83, 239 என்று கிடக்கும், எந்த மெஷின் எழுதியிருந்தாலும் சரி. முதல் பைட்டோடு, இரண்டாவதை எட்டு பிட் இடப்பக்கம் நகர்த்திச் சேருங்கள். எந்த மெஷினிலும் 61267-தான். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் இதற்கு நேரெதிர், பிக் எண்டியன். படிக்கிற இடத்தில் ஒருமுறை, எழுதுகிற இடத்தில் ஒருமுறை மாற்றினால் போதும், நடுவில் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு இடத்தில் மாற்ற மறந்துவிட்டேன். என் லேப்டாப்பில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது!

பதில்: ஓடத்தான் செய்யும். லிட்டில் எண்டியன் தரவை லிட்டில் எண்டியன் மெஷினில் மாற்றுவது வெறும் நகல்தான், அதனால் விட்டுப்போனாலும் தெரியாது. நானும் இதில் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். லினக்ஸில் இன்ன பைட் வரிசை என்று குறிக்கவே தனி டைப்புகள் உண்டு. கம்பைலர் அவற்றைச் சாதாரண எண்ணாகவே பார்க்கும். சாதாரண எண்ணோடு அவற்றைக் கலந்தால், கோடைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் என்ற கருவிதான் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை காஸ்ட் (டைப்பைக் கட்டாயமாக மாற்றுவது) போட்டு வாயடைக்காதீர்கள், அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும். அப்புறம், வேறு வகை மெஷினைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளில், எஸ்390எக்ஸ் என்ற ஐபிஎம் மெயின்ஃபிரேம் வகைக்கான லினக்ஸ் ஒன்றை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். அது பிக் எண்டியன், உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: டிஸ்க் வடிவத்துக்கு பிட் ஃபீல்ட் (ஒரு எண்ணுக்குள் சில பிட்டுகளுக்குத் தனிப் பெயர் கொடுப்பது) பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பிட்டுகளின் அடுக்கு கம்பைலரின் விருப்பம். வேண்டிய பிட்டை மட்டும் எடுக்கும் மாஸ்க், நகர்த்தும் ஷிஃப்ட் போதும்.

கேள்வி: அண்ணா, பிசிஐ கார்டுக்கான டிரைவரில், ரீட்எல் என்ற கெர்னல் ஃபங்ஷன் கொண்டு கார்டின் ரெஜிஸ்டரைப் படித்து, கவனமாக லிட்டில் எண்டியனிலிருந்து மாற்றவும் செய்தேன். பிக் எண்டியன் போர்டில் மதிப்பு தலைகீழாக வருகிறது.

பதில்: ரீட்எல் தானே மாற்றித்தான் தருகிறது. நீங்கள் இரண்டாம் முறை புரட்டியிருக்கிறீர்கள். உங்கள் வரியை எடுத்துவிடுங்கள்.