அடிப்பிடிக்காத போசி எது?

கேள்வி: நான்ஸ்டிக் வடச்சட்டி தோல் உரிந்துவிட்டது. இனி எல்லாமே எவர்சில்வர் என்று முடிவெடுத்தாயிற்று. பாத்திரக்கடையில் கிலோ கணக்கில் எடுத்தால் போதும் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் ஆன்லைனில் ஏழு பீஸ் ட்ரைபிளை செட்டைக் காட்டுகிறார். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை வாங்குவதுங்க? காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்பது நிஜமா? (அவிநாசி வாசகி)

பதில்: இந்த வழக்கில் மாமியார் பக்கம்தான் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறேன். தண்ணீர் காய வைக்க, இட்லி அவிக்க, கொள்ளு வேகவைக்க, மாவு கரைத்து வைக்க எல்லாம் கிலோ கணக்குப் பாத்திரமே தாராளம். பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குண்டாவை ஆன்லைனில் தேடுவானேன்?

வதக்குவது, கிளறுவது, பால் காய்ச்சுவது இவற்றுக்குத்தான் மெல்லிசுப் பாத்திரம் ஆகாது. ஸ்டீலுக்குச் சூட்டைப் பரப்பத் தெரியாது. அலுமினியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மந்தம். தீ படுகிற இடம் கருகும், இரண்டு விரல் தள்ளி வேகாமல் கிடக்கும். அதனால்தான் இரண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து அழுத்திச் செய்கிறார்கள். அதுதான் ட்ரைபிளை.

சாண்ட்விச் பாட்டம் என்று விற்பது வேறு. அதில் அலுமினியம் அடியில் மட்டும்தான், வில்லையாக ஒட்டியிருக்கும். அப்படி ஒன்றில் நான் அரிசிம்பருப்புச் சாதம் வைத்தேன். நடுவில் பொலபொலவென்று நன்றாக வந்தது. ஓரத்தில் வளையல் போட்டாற்போல் கறுப்பு. வில்லை முடிகிற இடத்துக்கும் சுவருக்கும் இடையே வெறும் ஸ்டீல். பெரிய பர்னரின் தீ நேராக அங்கே ஏறியிருக்கிறது. சின்ன பர்னரில் வைத்தால் இந்தத் தொல்லை குறைவு.

காந்த விஷயத்துக்கு வருவோம். 304 என்கிற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202-லும் ஒட்டாதே! உப்பு, புளிக்கு அது 304 அளவுக்குத் தாங்காது. இன்னொரு பக்கம், நல்ல ட்ரைபிளையின் வெளித்தகடு இண்டக்‌ஷனுக்காக 430 ரகத்தில் இருக்கும். அதில் காந்தம் கப்பென்று பிடிக்கும். ஆகக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகுமா என்பது மட்டும்தான் தெரியும்.

அதைவிட ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். ஸ்டீல் பாத்திரங்களுக்கான தரம் ஐ.எஸ். 14756, முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் ஆணை போட்டது. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, முத்திரை தரும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் அசலா என்று தெரிந்துவிடும்.

ஏழு பீஸில் எத்தனை மூடி என்று எண்ணினீர்களா? மூடியையும் பீஸ் கணக்கில் சேர்ப்பதுதான் வழக்கம். உங்களுக்குத் தேவை ட்ரைபிளையில் மூன்றே உருப்படி: வடச்சட்டி, அரிசிம்பருப்புக்கு அளவான குண்டா, பால் காய்ச்ச ஒரு போசி. கனம் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். தோசைக்கு ஸ்டீல் பக்கமே போகாதீர்கள், இரும்புக்கல் இருக்கிறது.

கேள்வி: புது ஸ்டீல் வடச்சட்டியில் உருளைக்கிழங்கு ஒட்டுகிறது. அடியில் வெள்ளைத் திட்டு வேறு. மட்டமான சரக்கா? (காங்கேயம்)

பதில்: சரக்கில் குறையில்லை. சட்டி காய்வதற்குள் எண்ணெய் ஊற்றுகிறீர்கள். வெறும் சட்டியை மிதமான தீயில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று ஆவியானால் இன்னும் காயவில்லை. பாதரசம்போல உருண்டு ஓடினால் தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டு, கிழங்கைப் போடுங்கள். போட்டதும் கிளறாமல் கொஞ்சம் பொறுத்தால் அதுவாகவே விட்டுக்கொடுக்கும்.

வெள்ளைத் திட்டு போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு. புளி கரைத்த தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தேய்த்தால் போய்விடும். சமைக்கும்போது உப்பை மட்டும் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். ஆறிய தண்ணீரில் அடியில் தங்கும் கல்லுப்பு, ஸ்டீலில் ஊசிப்புள்ளியாகக் குழி விழ வைக்கும். அந்தக் குழி எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

கேள்வி: தங்கை சீருக்கு வாங்கிய குண்டாவில் கைப்பிடி ஆடுகிறது. பேர் வெட்டியாயிற்று, மாற்ற முடியாது என்கிறார் கடைக்காரர். (பெருந்துறை)

பதில்: பில் இருக்கிறதுங்களா? இருந்தால் விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. கைப்பிடி ஆடுவதற்கும் பேர் வெட்டியதற்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். அடுத்த தடவை மூடியைப் போட்டுப் பார்த்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் பேர் வெட்டக் கொடுங்கள்.