அரை மரதனுக்குப் பிறகு 25 சுற்று

கேள்வி: எனக்கு 41 வயது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். பாடசாலை ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். இரண்டு வருடம் பழகி, போன ஒக்டோபரில் கொழும்பில் என் முதலாவது அரை மரதனை 2 மணி 24 நிமிடத்தில் ஓடி முடித்தேன். பதக்கத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியதோடு சரி. அதற்குப் பிறகு எதற்காக ஓடுகிறேன் என்றே தெரியாமல் ஓடுகிறேன். கூட ஓடுகிறவர்கள் "அடுத்தது முழு மரதன்தானே ரீச்சர்" என்கிறார்கள். எனக்குக் கிடைப்பதோ கிழமையில் நான்கு நாள், காலை 5 மணி முதல் 6 மணி வரை. போதாக்குறைக்கு, ஜூன் பிறந்ததிலிருந்து என் வேகம் குறைந்துகொண்டே போகிறது. அடுத்து எதைக் குறியாக வைக்கலாம் அண்ணா?

பதில்: முழு மரதன் என்று சொன்னவர்கள் உங்களுக்குக் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒருவராவது உங்கள் நேரசூசியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதிலிருந்தே தொடங்குவோம்.

நான்கு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். சப்பாத்துக் கட்டுவது, தெரு நாய்களுக்கு ஒதுங்கிப் போவது, திரும்பி வந்து வேர்வை ஆறுவது எல்லாம் கழித்தால் ஓடுவதற்கு 50 நிமிடம் மிஞ்சும். உங்கள் வேகத்துக்கு அது ஏறத்தாழ 7 கிலோமீற்றர். கிழமைக்கு 28. முழு மரதன் 42.195 கிலோமீற்றர். அதற்குப் போகிறவர் கிழமைக்கு ஐம்பதை ஒட்டி ஓடிப் பழக வேண்டும், இரண்டு மூன்று தடவையாவது ஒரே மூச்சில் 30 ஓடிப் பார்த்திருக்க வேண்டும். கிலோமீற்றருக்கு ஏழரை நிமிடம் என்று வைத்தாலும் 30 கிலோமீற்றருக்கு 3 மணி 45 நிமிடம். நம் ஊர் வெயிலில் ஏழரைக்கு முன் வீடு திரும்ப வேண்டுமென்றால் மூன்றரைக்கு, மூன்றே முக்காலுக்குப் புறப்பட வேண்டும். தனியாக ஓடுகிற ஒரு பெண்ணுக்கு, அடுத்த நாள் முதலாம் பாடவேளையில் கரும்பலகை முன் நிற்க வேண்டிய ஒருவருக்கு, இது நான் சொல்லக்கூடிய ஆலோசனை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க உங்கள் கைக்கு வருகிற ஒரு வருடத்தில் முழு மரதனைப் பற்றிப் பேசலாம்.

குறி என்றால் முந்தியதைவிட நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆழிக்குமரன் ஆனந்தனை நினைத்துப் பாருங்கள். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பி வந்த மனிதர். அதற்குப் பிறகு அவர் அதைவிட அகலமான கடலைத் தேடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1978இல் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். அடுத்த வருடம் கொழும்பில் 187 மணித்தியாலம் சைக்கிள் மிதித்தார். (1984இல் ஆங்கிலக் கால்வாயில் அவர் உயிர் போனதும் உண்மை. அதனால் எல்லாவற்றிலும் அவரைப் பின்பற்றச் சொல்லவில்லை.) ஒரு குறி முடிந்ததும் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

எனக்கு அந்தப் புத்தி பிந்தித்தான் வந்தது. முதல் முழு மரதன் முடிந்த பத்தாவது கிழமையே இன்னொன்றுக்குப் பெயர் கொடுத்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை வெடிப்பு. இரண்டு மாதம் டச்பே கடற்கரை மணலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் விஷயம். பீற்றர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஓட்டக்காரருக்கென்று ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். தூரம் இரட்டித்தால் நேரம் சரியாக இரட்டிக்காது, ஏறத்தாழ 2.08 மடங்காகும் என்பது அதன் சாரம். அந்தக் கணக்கில் உங்கள் 2:24, முழு மரதனில் 5 மணித்தியாலம் ஆகிறது. குறைவாக ஓடிப் பழகியவருக்கு அதற்கும் மேல் போகும். இதே சூத்திரத்தை மறுபக்கம் திருப்புங்கள்: 5 கிலோமீற்றரை நீங்கள் இப்போதே 31 நிமிடம் சொச்சத்தில் ஓடக்கூடியவர்.

அந்தச் சொச்சத்தைக் கழித்து, 30 நிமிடத்துக்குள் 5 கிலோமீற்றர். இதுதான் நான் உங்களுக்கு வைக்கும் குறி. கிழமைக்கு நாலு மணித்தியாலம் என்பது முழு மரதனுக்குப் பஞ்சம், ஐந்து கிலோமீற்றருக்குத் தாராளம். "முடிந்ததைச் செய்" என்பதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்குத்தான் ஆளை முன்னே தள்ளும் என்று எட்வின் லொக், கரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல வருட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஒன்றரை நிமிடம் குறைப்பது அந்த வகைக் கடினம்.

எப்போது? இப்போது இல்லை. ஜூனிலிருந்து நீங்கள் மெதுவாவதற்கு முதல் சந்தேகம் கச்சான் காற்றின் மீதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, காய்ந்த சூடாக நம் பக்கம் இறங்குகிறது. பகல் முழுக்கக் காய்ந்த தரையும் மதிலும் விடிகாலையிலும் சூடு ஆறுவதில்லை. உடம்பைக் குளிர்விக்க இரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது, கால் தசைக்குப் போவது அந்த அளவு குறைகிறது, இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதே உழைப்புக்கு வேகம் குறைவதை உங்கள் தோல்வியாக எழுதி வைக்காதீர்கள். கச்சானில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பதும் தெரியாது. ஓடுவதற்கு முன்பும் பின்பும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் போயிருக்கிறது. அதைக் காலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம்.

ஓகஸ்ட் முடியும்வரை மணிக்கூட்டோடு சண்டை பிடிக்க வேண்டாம். அதற்குப் பதில் வேறொன்றை அளக்கலாம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, உட்துறைமுக வீதியில் ஒரே இடத்தில் தொடங்கி, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 135ஐத் தாண்டாமல் 30 நிமிடம் ஓடுங்கள். எந்த விளக்குக் கம்பம்வரை போனீர்கள் என்று குறித்து வையுங்கள். கையில் அந்த வகை மணிக்கூடு இல்லையென்றால் ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடுங்கள். மூச்சு இடறாமல் சொல்ல முடிகிற வேகம்தான் அளவு. ஒரு ரீச்சர் விடிகாலையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடினால் நம் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கம்பம் தள்ளித் தள்ளிப் போனால் நீங்கள் முன்னேறுகிறீர்கள்.

கம்பம் அசையவில்லை, படியேறினாலும் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்றால் கச்சானைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு ஒரு வைத்தியரிடம் போங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் வருகிற வயதில் ஓடுகிற பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவது சாதாரணம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். அறிக்கை வருமுன் நீங்களாக இரும்புக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். ஆனால் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தை இன்றைக்கே ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடலாம். சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது. தேசிக்காய்ப் புளி அதற்கு நேர்மாறு.

செப்டெம்பரில் வேகப் பயிற்சியைத் தொடங்குங்கள். கிழமையில் ஒரு நாள் மட்டும் போதும். 400 மீற்றர் ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிட நடை. ஒவ்வொன்றும் 2 நிமிடம் 24 செக்கன். உங்கள் அரை மரதன் நேரம்தான், இந்தத் தடவை நிமிடத்திலும் செக்கனிலும்! இன்னொரு நாள் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற வீதியில் மேடேறலாம். திருவிழா நாட்களை விட்டுவிடுங்கள், கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் வீதியை விட்டு இறங்காதீர்கள். மான்கள் குறுக்கே வந்தால் அவற்றுக்குத்தான் முன்னுரிமை. மற்ற இரண்டு நாளும் வாய்ப்பாட்டு வேகம்.

ஒக்டோபரில் இடி மின்னல் தொடங்கும், நவம்பரும் டிசம்பரும் அடைமழை. அந்த மாதங்களுக்கு நேரக்குறி வைத்தவர்கள் மார்கழியில் ஓட்டத்தையே விட்டுவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாரிக்கு எண்ணிக்கைதான் குறி: கிழமைக்கு மூன்று தடவை, எவ்வளவு தூரம் என்ற கேள்வி இல்லை. வெள்ளம் நிற்கிற நாளில் வீட்டுப் படியில் குதிக்கால் தூக்கி இறக்குவதும் ஒரு தடவையாகக் கணக்கில் சேரும். அரை மணித்தியாலம் செய்தால்தான்.

பெப்ரவரியில் மழை விட்டிருக்கும், விடிகாலையில் குளிரும். அப்புறம் இன்னொரு வசதியும் உங்களுக்கு உண்டு. அந்த நேரம் இல்ல விளையாட்டுப் போட்டிக்காகப் பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தடம் தயாராக இருக்கும். 200 மீற்றர் தடம் என்றால் 25 சுற்று. சுற்றுக்கு 72 செக்கன் என்றால் மிகச் சரியாக 30 நிமிடம். முதல் ஐந்து சுற்றை 74க்குக் குறைய ஓடாதீர்கள். உற்சாகத்தில் 65இல் தொடங்குகிறவர்கள் பன்னிரண்டாம் சுற்றில் நடப்பார்கள். அந்தப் பத்துச் செக்கனை மீதி இருபது சுற்றில் அரை அரையாக எடுத்துவிடலாம். 30 கிடைக்காவிட்டால் 31, அதுவும் இல்லையென்றால் கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட வேகம் என்பதே போதும் என்று முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஓடி முடித்த களைப்பில் அளவுகோலை மாற்றுவது நியாயமாக இராது.

சுற்று எண்ணப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதினேழு பதினெட்டுக்கு மேல் ஓடுகிறவருக்கு எண்ணிக்கை தப்பும்.